பெயிண்டுக்கு அடியில் ஒரு போல்ட்

‘அனுமதி அட்டை திரும்பப் பெறப்பட்ட ஒப்பந்த வாகனத்தின் உரிமையாளர், குறை நீக்கப்பட்டது என்பதற்குத் தகுதி பெற்ற பொறியாளர் ஒருவரின் சோதனை அறிக்கையை இணைத்து முறையீடு செய்யலாம். முறையீடு கிடைத்த ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் அளிக்கப்படும்.’

பிரிவு 14, உட்பிரிவு இ. தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலை, தன் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன்காரர்களோடு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. நல்ல விதி. சுருக்கம், தெளிவு, காலக்கெடு... எல்லாம் இருக்கிறது. நானே எழுதியிருந்தாலும் ஒரு கமாவைத்தான் மாற்றியிருப்பேன்.

ஒரே ஒரு குறை. அந்தத் தொழிற்சாலையில் அதை யாரும் படித்ததில்லை.

பதில் போன வாரம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அனல்மின் நிலையம் ஒன்றில், மின் பராமரிப்புப் பிரிவில், பொறியாளராக முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டியவன். இப்போது பொன்னேரியில் ஓய்வு. பக்கத்தில் யாராவது தும்மினால்கூட, எந்த உத்தரவின்படி தும்மினீர்கள் என்று கேட்கிற ஆசாமி. என் மனைவி இதை வியாதி என்கிறாள். நான் பயிற்சி என்கிறேன்.

எங்கள் தெருமுனையில் இப்ராஹிம் பாய் இருக்கிறார். பழவேற்காட்டுக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடை, வியாபாரம் என்று உட்கார்ந்துவிட, இவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அவருடைய வேனுக்குப் பதினெட்டு வயது. இருக்கையும் பதினெட்டு. விடியற்காலையில் எழுந்து பழவேற்காடு போய், ஏரியை ஒட்டிய குப்பங்களில் பதினேழு பெண்களை ஏற்றிக்கொண்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாகத் தேர்வாய் கண்டிகையில் ஏழு மணிக்கு இறக்கிவிட வேண்டும். பதினேழு பேரும் அங்கே பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறார்கள்.

தொழிற்சாலைக்குச் சொந்த பஸ் இல்லையா? இருக்கிறது. ஏசி பஸ். அது நெடுஞ்சாலையை விட்டுக் கீழே இறங்காது. குப்பத்துப் பெண்கள் ஏழு மணி ஷிப்ட்டுக்குப் போக வேண்டும் என்றால் பாயின் வேன்தான். வேன் உள்ளே போக வேண்டும் என்றால் அந்த அனுமதி அட்டைதான். அட்டை போனால் பாயின் பிழைப்பு போகும். அதோடு பதினேழு பேரின் வேலையும் போகும். இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

மூன்று மாதத்துக்குள் மூன்று முறை தாமதமானால் அட்டை பறிமுதல். இதுவும் விதிதான். இதைப் படித்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள்!

ஜனவரியில் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தபோது வேன் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பிப்ரவரி பிறந்ததும் கோளாறு ஆரம்பித்தது. ஹெட்லைட் போட்டால் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறும். அணைத்தால் இறங்கும். பாய் பயந்துபோய், வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி ஆறவிடுவார். பிறகு சாவியைத் திருப்பினால்... ‘டிக்’. அவ்வளவுதான். பிடிவாதக்காரக் கிழவன் நாக்கைச் சப்புக்கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது. எடுக்காத நாளில் பெண்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

இரண்டு முறை தாமதம் ஆகிவிட்டது. ‘மூன்றாவது முறை நேர்ந்தால்’ என்று எச்சரிக்கைக் கடிதமும் வந்துவிட்டது.

பாய் என்ன செய்தார்? எல்லோரும் செய்வதைச் செய்தார். மெக்கானிக்கிடம் போனார்.

முதலில் பேட்டரிக் கடைக்காரர். பானெட்டைத் தூக்கி அரை நிமிடம் பார்த்தார்.

“பேட்டரி வீக்கு பாய். மாத்திப் பாக்கலாம்.”

மாற்றிப் பார்த்தார்கள். டிக்.

அடுத்தவர், இன்ஜினைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டாருக்கு நிபுணர். காதை வைத்துக் கேட்டார்.

“செல்ஃப் அடி வாங்கிக்கீது. கழட்டி உள்ள மாத்திப் பாக்கலாம்.”

மாற்றிப் பார்த்தார்கள். டிக்.

மூன்றாவது, ஆட்டோ எலக்ட்ரீஷியன். பொன்னேரியில் பேர்போனவர். டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டார். வெளியே எடுத்தார்.

“ஒயரு எங்கியோ உள்ள கட்டாயிருக்குது பாய். தேடிக்கினு இருந்தா பொழுது பூடும். டைரக்டா குடுத்துட்றேன்.”

டைரக்ட்! நடுவில் இருப்பதை எல்லாம் தாண்டி பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துவிடுவது. தமிழ்நாட்டு வாகன மின்சாரவியலின் தாரக மந்திரம் இது. ஹாரன் அடிக்கவில்லையா? டைரக்ட். விளக்கு எரியவில்லையா? டைரக்ட். ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? அந்த ஃபியூஸையே தூக்கிப் போட்டுவிட்டு டைரக்ட். ஃபியூஸ் எதற்காக வைத்தார்கள், அது போனால் என்ன சொல்ல வருகிறது என்ற ஆராய்ச்சி எல்லாம் நமக்கு எதற்கு? நாய் குரைத்தால் நாயை அவிழ்த்து விட்டுவிடுவது. திருடன் வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாயின் வேனில் எட்டு ஃபியூஸுக்கு இடம் இருந்தது. நான் பார்த்தபோது ஐந்தில் செம்புக் கம்பி. ஒன்றில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். மீதி இரண்டு காலி.

மூன்று பேருமே ‘மாத்திப் பாக்கலாம்’ என்றார்கள், அல்லது டைரக்ட் கொடுத்தார்கள். ‘அளந்து பாக்கலாம்’ என்று ஒருவராவது சொன்னாரா? ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர்... சோதனைக்கு அது போதும். அதை எடுக்கக் கை வரவில்லை. ஊசி போட்டுப் பார்க்கலாம், ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம், நாடி மட்டும் பார்க்கமாட்டோம் என்கிற டாக்டரிடம் நீங்கள் போவீர்களா? வண்டியை மட்டும் கொண்டுபோய் விடுகிறோம்.

இந்தக் கட்டத்தில்தான் பாய் என்னிடம் வந்தார். “நீங்க கரெண்டு ஆளுதானே சார். ஒரு தபா பாத்துடுங்க. ஒரே பேஜாராக்கீது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மீட்டர், நோட்டுப் புத்தகம், கண்ணாடி சகிதம் இறங்கினேன். முதலில் பார், பிறகு அள, கடைசியில்தான் கழற்று. முப்பத்து மூன்று வருடப் பாடம். மீட்டரின் கறுப்பு ஒயரை பேட்டரியின் மைனஸ் முனையில் கவ்வ விட்டேன். சிவப்பை எடுத்துக்கொண்டு வண்டி முழுக்க யாத்திரை போனேன். ஹெட்லைட்டுக்குக் கரண்ட் போகிறதா? போகிறது. செல்ஃப் மோட்டாருக்கு? தாராளமாகப் போகிறது. ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் எழுதினேன். பேட்டரி முனையில் லேசான தளர்ச்சி இருந்தது. முறுக்கினேன். சாவியைத் திருப்பினோம். வண்டி உறுமிக்கொண்டு எடுத்தது.

நடுவில் பாய் ஏதோ சொல்ல வந்தார். “சார், இந்த ஆக்ஸிலேட்டர் கேபிளு வேற அடிக்கடி...”

“அது மெக்கானிக்கல் பாய். நான் எலக்ட்ரிக்கல்.”

அவர் டீ வாங்கி வரப் போய்விட்டார்.

எங்கள் மின் நிலையத்தில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் எந்த வேலையும் அடுத்த பிரிவுக்குப் போய்விடும். பம்ப் ஓடவில்லை என்றால் மோட்டார் வரை எங்களுடையது, அதற்கு அப்பால் அவர்களுடையது. இரண்டையும் பிணைக்கும் கப்ளிங்கைப் பற்றி மட்டும் இரண்டு பிரிவும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும். ஓய்வு பெற்று வந்தபோது சால்வை, கடிகாரத்தோடு இந்தப் பழக்கத்தையும் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். அப்போது அது தெரியவில்லை.

அறிக்கை எழுதினேன். ‘வாகனத்தின் மின்னமைப்பு முழுமையாகச் சோதிக்கப்பட்டது. குறை ஏதும் இல்லை.’ கையெழுத்து, பெயர், பழைய பதவி, ‘ஓய்வு’. பாய் அதைக் கொண்டுபோய் தொழிற்சாலையில் கொடுத்தார்.

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு போன். பாய்தான்.

“சார்... கேட்டுகிட்ட நின்னுடுச்சு.”

பொன்னேரி தாண்டியதும் வரும் ரயில்வே கேட். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். கேட் மூடியிருந்தபோது பாய் இன்ஜினை நிறுத்தியிருக்கிறார். முள் மேலே ஏறியதால் பயம். கேட் திறந்தது. டிக். பின்னால் இரண்டு லாரி, ஒரு பால் வண்டி, எண்ண முடியாத பைக்குகள்... எல்லாம் ஒரே குரலில் ஹாரன். மேட்டில் வேனைத் தள்ள முடியாமல் பெண்கள் சாலையோரம் நின்றிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். சேலை மேல் கம்பெனியின் நீலக் கோட்டு. பெயர் செல்வி என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேனில் யார் எங்கே உட்காருவது என்பதைத் தீர்மானிக்கிறவள் அவள்தானாம்.

“இன்னா சார், நீங்கதான் இந்த வண்டிக்கு சர்ட்டிபிகேட் குடுத்தவரா?”

“ஆமாம்மா.”

“அப்ப அந்தப் பேப்பர இட்டாந்து வண்டி முன்னால கட்டுங்க சார். அது இழுக்குதான்னு பாப்பம்.”

பால் வண்டிக்காரர் வரைக்கும் சிரித்தார்.

“சும்மா இரு செல்விம்மா” என்றார் பாய். “பெரியவரு.”

“பெரியவரா இருக்கறதாலதான் பேப்பரோட நிறுத்திக்கினேன். சின்னவரா இருந்தா அவரயே கட்டச் சொல்லிருப்பேன்.”

நான் பானெட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொண்டேன்.

கடைசியில் லாரிக்காரர் ஒருவர் கயிறு போட்டு மேட்டைத் தாண்டி இழுத்துவிட்டார். தள்ளி ஸ்டார்ட் பண்ணி, ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது ஏழு ஐம்பது. வாசலிலேயே அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போட்ட நாலாம் நாள்.

அன்று மத்தியானம் பாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கேபிள். நம்ம ஸ்கூட்டர் பிரேக் கேபிள் மாதிரி, கொஞ்சம் நீளம். மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறை மெழுகு மாதிரி உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

“இத்தோட ரெண்டாவது கேபிளு சார். வண்டி எடுக்காத நேரத்துல தொட்டா நெருப்பாட்டம் சுடுது.”

“எது?”

“ஆக்ஸிலேட்டர் கேபிளு.”

“எத்தனை நாளா?”

“எஃப்.சி.க்கு பெயிண்ட் அடிச்சதுலேருந்து.”

“இதை ஏன் பாய் முன்னாடியே சொல்லலை?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சொன்னேனே சார். நீங்கதான் மெக்கானிக்கல்னு சொல்ட்டீங்க.”

மின்சாரம் போனால் மட்டும் போதாது. திரும்பி வர வேண்டும். பழைய வண்டிகளில் அது ஒயரில் திரும்புவதில்லை. வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் திரும்புகிறது. இன்ஜினையும், சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தையும் இணைக்கத் தட்டையான செம்புப் பட்டை ஒன்று உண்டு. எர்த் பட்டை என்பார்கள். அந்த வழி அடைபட்டால் மின்சாரம் சும்மா இருக்குமா? அகப்பட்ட வழியில் புகுந்து வரும். ஆக்ஸிலேட்டர் கேபிளும் இன்ஜினையும் உடம்பையும் இணைக்கிற இரும்புதானே? செல்ஃப் மோட்டாரின் மொத்தக் கரண்டும் சணல் தடிமன் உள்ள அந்தக் கம்பிக்குள் நுழைந்தால்... கம்பி அடுப்பாகும், மோட்டார் ‘டிக்’ என்னும். சூடு காட்டும் முள்ளும் அதே குளறுபடியில்தான் ஆடியிருக்கிறது. இன்ஜின் ஒருநாளும் சூடாகவே இல்லை.

பேட்டரிக்காரர், செல்ஃப்காரர், டைரக்ட்காரர் மூவரும் போகிற வழியைத்தான் பார்த்தார்கள். நானோ அவர்களையும் மிஞ்சிவிட்டேன். கறுப்பு ஒயரை பேட்டரி மைனஸிலேயே கவ்வ விட்டு, திரும்பும் வழியை முழுசாக ஒதுக்கிவிட்டேன். பாலம் இடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியவன், இந்தக் கரையிலேயே உட்கார்ந்துகொண்டு ‘போக்குவரத்து சீராக உள்ளது’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மெக்கானிக்குகளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் திட்டுவேன். அவர்கள் அளக்கவே இல்லை. நான் அளந்தேன், தப்பாக.

மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் மேல் வைத்தேன். மறு முனை பேட்டரி மைனஸ். “திருப்புங்க பாய்.” அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தைத் தொட்டது.

பாய் போட்ட கோணியில் படுத்து வண்டிக்கு அடியில் போனேன். என் வயதில் இது ஒரு யோகாசனம். செம்புப் பட்டை இருந்தது. போல்ட் இருந்தது. இறுக்கமாகவும் இருந்தது. சேஸிஸுக்கும் பட்டைக்கும் நடுவில் மட்டும் மழமழவென்று கறுப்புப் பெயிண்ட். மூன்று கோட்! பெயிண்ட் வழியாக மின்சாரம் போகுமா?

எஃப்.சி.க்கு விடுவதற்கு முன் வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பது நம் ஊர் சம்பிரதாயம். பிரேக் பிடிக்கிறதா என்பது அப்புறம். பெயிண்ட் பளபளக்க வேண்டும். சேஸிஸ், வீல், டீசல் டாங்க், கண்ணில் பட்ட இரும்பு எல்லாவற்றுக்கும் அபிஷேகம். சோதிக்க வருகிறவர் குனிந்து பார்க்கும்போது அடிப்பகுதி மின்ன வேண்டும். மின்னினால் வண்டி தகுதியானது. பாய் வைத்த பெயிண்டர் நேர்மையான ஆள். மற்றவர்கள் எர்த் பட்டையின் மேலேயே அடித்துவிட்டுப் போவார்கள்; அடியில் செம்பும் இரும்பும் ஒட்டியே இருக்கும். பிழைத்தோம். இவர் பட்டையைக் கழற்றி, அடியில் சுத்தமாக அடித்து, காயவிட்டு, இன்னும் இரண்டு கோட் அடித்து, அழகாகத் திருப்பி மாட்டியிருக்கிறார். பதினெட்டு வருடம் துருவுக்கு நடுவே ஒழுங்காக வேலை செய்த போல்ட்டை, நாலு நாள் சிரத்தையில் சாகடித்துவிட்டார்.

அந்த வண்டியின் ஓடும் தகுதியைப் பறித்தது, தகுதிச் சான்றிதழுக்காக அடித்த பெயிண்ட். இதை எந்தப் பிரிவின் கீழ் பதிவு செய்வீர்கள்?

உப்புத்தாளும் பழைய கத்தியும் போதுமாக இருந்தன. சுரண்டிப் பளிச்சென்று இரும்பு தெரிந்ததும் பட்டையை வைத்து முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவினேன். இருபது நிமிடம். சாவியைத் திருப்பினார் பாய். பாதி திருப்புவதற்குள் எடுத்துக்கொண்டது. ஹெட்லைட் போட்டோம். முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“இவ்ளோதானா சார்?” என்றார் பாய். சந்தோஷமாகச் சொல்லவில்லை. அழுவது மாதிரி சொன்னார்.

மீதி நாளைச் செம்புக் கம்பியையும் வெள்ளித்தாளையும் பிடுங்கி, எட்டு நல்ல ஃபியூஸ் போடுவதில் கழித்தேன். ராத்திரி முறையீடு எழுத உட்கார்ந்தேன். பிரிவு 14 இ. காரணம், சோதனை முறை, சரிசெய்யும் முன் அளவு, பின் அளவு, போல்ட்டின் போட்டோ இரண்டு. ஐந்தாவது பத்தியில் எழுதினேன்: ‘எனது முந்தைய அறிக்கை தவறானது. தவறு வாகன உரிமையாளருடையது அல்ல, என்னுடையது.’

மனைவி எட்டிப் பார்த்துப் படித்தாள். “முப்பத்து மூணு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வரி எழுதியிருக்கீங்களா?”

“இல்லை.”

“எழுத வேண்டி வரலையா?”

அந்தக் கேள்விக்கு நான் எழுத்துமூலம்கூடப் பதில் தருவதாக இல்லை.

மறுநாள் நானே பாயோடு நேரில் போனேன். போக்குவரத்துப் பிரிவு அதிகாரி மரியாதைக்காரர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். கடிதத்தைத்தான் திருப்பவில்லை.

“வெஹிக்கிள் ஏஜ் என்ன சார்?”

“பதினெட்டு.”

“அதான் சார் ப்ராப்ளம்.”

“ப்ராப்ளம் ஒரு போல்ட். மூணாம் பக்கத்துல போட்டோ இருக்கு.”

“ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர் சர்ட்டிபிகேட் வேணும் சார்.”

“இந்த மாடலை நிறுத்தி வருஷக்கணக்கா ஆச்சு. அங்க வண்டியை உள்ளேயே விடமாட்டாங்க. உங்க விதியில தகுதி பெற்ற பொறியாளர்னுதான் இருக்கு.”

“எந்த விதி சார்?”

“பதினாலு, இ.”

“அது பழைய வெர்ஷன் சார்.”

“புதுசைக் காட்டுங்க.”

“அது இன்னும் அப்ரூவல் ஆகல.”

“அப்ப இன்னைக்கு அமல்ல இருக்கறது எது?”

அவர் ஏசியைப் பார்த்தார். ஏசியும் சொல்லவில்லை.

“மெயில்ல போட்டுடுங்க சார், ட்ராக்கிங் இருக்கும்.”

“போட்டாச்சு.”

“ஹார்டு காப்பியும் இன்வர்டுல...”

“கொடுத்து சீல் வாங்கியாச்சு.”

“அப்ப... வெயிட் பண்ணுங்க சார்.”

காத்திருந்தோம். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு வேலை நாள். பதில் இல்லை. ஒரு நினைவூட்டல். பதில் இல்லை. இரண்டாவது நினைவூட்டல். அதற்கும் இல்லை. எங்கள் தெருமுனையில், பதினெட்டு வருடத்தில் எப்போதும் இல்லாத ஆரோக்கியத்தோடு, வேன் சும்மா நின்றது. பாய் தினமும் காலையில் ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணுவார். அணைப்பார். நாஷ்டாவுக்குப் போய்விடுவார்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் செல்வி வந்தாள், இன்னொரு பெண்ணோடு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“மூணு வண்டி மாறிக்கினு போறோம் சார். ஷேர் ஆட்டோ, பஸ்ஸு, மறுக்கா ஷேர் ஆட்டோ. ஏழேகாலு ஆயிடுது. டெய்லி லேட்டு போட்றாங்க. இன்னும் நாலு லேட்டு வந்தா வரவே வாணாம்னு சொல்ட்டாங்க. முருகம்மா நின்னே பூட்டா.”

“கடிதம் கொடுத்திருக்கேன்மா. ஏழு வேலை நாள்ல பதில் வரணும்.”

“ரெண்டு ஞாயித்துக்கெழம பூட்ச்சு சார். எந்த ஏழு நாளு?”

“இன்னொரு நினைவூட்டல் போடறேன்.”

“போடுங்க. நீங்க எழுதிக்கினே இருங்க. உங்க பேப்பர நம்பி நாங்க ஊட்ல குந்த முடியாது.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் நடந்ததைப் பாய் சொல்லித்தான் தெரியும். விடிவதற்கு முன் செல்வி போன் பண்ணியிருக்கிறாள். “வண்டிய எடுத்துக்கினு வா பாய்.” “கார்டு இல்லியே செல்விம்மா?” “கார்டா தள்ளப் போவுது? நாங்கதான் தள்ளுவோம். வா.”

முருகம்மாவைச் சேர்த்துப் பதினேழு பேரும் ஏறினார்கள். ஆறு ஐம்பதுக்குத் தொழிற்சாலை வாசல். காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

“கார்டு எங்க பாய்?”

“உங்க ஆபீஸ்லதான் கீது.”

“அப்ப வண்டி உள்ள வராது.”

செல்வி ஜன்னலில் தலையை நீட்டினாள். “வராட்டி போவட்டும்ண்ணா. வண்டி இங்கியே நிக்கட்டும். நாங்களும் இங்கியே குந்திக்கினு இருக்கோம். நாங்க ஏழு மணிக்கு முன்னால கேட்டுக்கு வந்துட்டோம்னு மட்டும் எழுதிக்கோ. லேட்டு எங்களுது இல்ல.”

யாரும் இறங்கவில்லை. கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. ஒருத்தி பூத் தொடுக்க ஆரம்பித்தாளாம். ஏழு ஐந்துக்கு பேக்கிங் பிரிவின் பொறுப்பாளர் ஓடி வந்தார். உள்ளே பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. மூட ஆளில்லாமல் அட்டைப்பெட்டிகள் மலையாகக் குவிகின்றன. வேனை உள்ளே விடு என்றார். காவலாளி, எந்த நோட்டில் எழுதி விடுவது என்றார். ஒப்பந்த வாகன நோட்டில் அட்டை எண் இல்லாமல் எழுத முடியாதே?

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பார்வையாளர் நோட்டு.

அன்றிலிருந்து பாயின் வேன் தினமும் பார்வையாளராக உள்ளே போய்வந்தது. வந்த நோக்கம்: சந்திப்பு. யாரைச் சந்திக்க: பேக்கிங் பிரிவு. பாய் கழுத்தில் ‘விருந்தினர்’ என்று ஒரு அட்டை. பெண்களுக்கு லேட் இல்லை. முருகம்மாவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். முப்பத்து மூன்று வருட அனுபவம், இரண்டு நினைவூட்டல், ஒரு உட்பிரிவு எல்லாம் சேர்ந்து மூன்று வாரமாகச் சாதிக்காததை, பதினேழு பேர் இருக்கையை விட்டு எழுந்திருக்காமல் கால் மணி நேரத்தில் சாதித்தார்கள்.

ஆனால் பாயின் பாடு தீரவில்லை. விருந்தினர் ஓட்டிய நடைக்கு வாடகை கிடையாது. நடை வாடகைக் கணக்கில் ஏற வேண்டும் என்றால் அட்டை வேண்டும். அட்டைக்கு என் கடிதத்துக்குப் பதில் வர வேண்டும். தினமும் சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு, என் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். அவர் போய்விடுவார்.

மின்சாரமாவது பரவாயில்லை. திரும்புகிற வழி அடைபட்டால் ஏதாவது ஒரு கேபிளைச் சூடாக்கியாவது வந்து சேர்கிறது. ஆபீஸ் கடிதத்துக்கு அந்த ரோஷமும் இல்லை.

போன வாரம், சாயங்காலம் நாலேகால் இருக்கும். கூரியர்காரர் வந்தார். உறையைக் கிழித்தேன். பாய் அப்போதுதான் வேனை நிறுத்தியிருந்தார். கூப்பிட்டு, சத்தமாகப் படித்தேன்.

‘தங்கள் முறையீடு பிரிவு 14 இ-இன்படி பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. அனுமதி அட்டை இத்துடன் திருப்பி அளிக்கப்படுகிறது. அட்டை பறிக்கப்பட்ட நாளிலிருந்து ஓட்டிய நடைகள் அனைத்தும் செல்லும்.’

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. உறையில் இருந்து அட்டையை எடுத்து, சட்டையில் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டார். செல்விக்கு போன் போட்டார். “வந்துச்சு செல்விம்மா!” அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பலமாகச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

கடிதத்தில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. அதைப் படிக்காமலே மடித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எந்த வரியையும் படிக்காமல் விடும் பழக்கம் எனக்கு இல்லையே.

‘இவ்வட்டை நடப்பு ஒப்பந்தம் முடிவடையும் மார்ச் 31 வரை மட்டுமே செல்லும், அதன் பின் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.’

பாய் சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மார்ச் 31.